ஹெட் கோச் போனா, பவுலிங் கோச் என்ன ஆவார்?

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால்ல 'அஃபென்சிவ் லைன் கோச்'னு ஒருத்தர் இருப்பார். பந்தை எறியிற குவார்ட்டர்பேக்கைக் காப்பாத்துற அஞ்சு பேருக்கு மட்டும் பயிற்சி தருவார். ஹெட் கோச்சை மாத்தினா, பெரும்பாலும் இவர் வேலையும் போயிடும்.

கிரிக்கெட்ல இதே கதையைப் பார்க்கணும்னா, பரத் அருணைப் பாருங்க. தமிழ்நாட்டு அணியின் பழைய வேகப்பந்து வீச்சாளர். இந்தியாவுக்கு ஆடினது 2 டெஸ்ட்தான். 2012-ல் அண்டர்-19 உலகக் கோப்பையை ஜெயிச்ச இந்திய அணிக்கு இவர்தான் கோச்.

2014-ல் ரவி சாஸ்திரி காலத்துல சீனியர் அணிக்கு பவுலிங் கோச் ஆனார். 2016-ல் சாஸ்திரி போனார்; அருணும் வெளியே.

அப்போ ஹைதராபாத் ரஞ்சி அணிக்குப் பயிற்சி கொடுக்கப் போனார். அந்த சீசன்ல அங்கே முகமது சிராஜ்னு ஒரு பையன் 41 விக்கெட் எடுத்தார். 2017-ல் ஹெட் கோச்சா திரும்பின சாஸ்திரி, அருணைக் கேட்டு வாங்கினார்.

2021 ஜனவரி, பிரிஸ்பேன். பும்ரா, அஸ்வின், ஜடேஜா எல்லாருக்கும் காயம். நடராஜனுக்கும் வாஷிங்டன் சுந்தருக்கும் அதுதான் முதல் டெஸ்ட். சிராஜ் இரண்டாவது இன்னிங்ஸ்ல 5 விக்கெட் எடுத்தார். தொடர் 2-1னு நம்ம கையில.

வேலை போன வருஷத்துல அருண் கண்டெடுத்த பையன்தான் அன்னைக்கு முன்னால நின்னார்.