மதர்போர்டோடு போகும் உரிமம்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லாத பழைய கணினிகளை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பதில்லை. ஆகவே தஞ்சாவூரிலோ மன்னார்குடியிலோ இ-சேவை மையம் நடத்துபவர் புதுக் கணினி வாங்கும்போது, பழையதில் இருந்த விண்டோஸ் உரிமத்தை அதற்கு மாற்றலாமா என்று கேட்பது இயல்பு. அந்த உரிமம் எந்த வழியில் வந்தது என்பதில்தான் விடை இருக்கிறது. ஆயக்கட்டு நஞ்சையின் தண்ணீர் உரிமை நிலத்தோடு கிடப்பது. ஆயில் எஞ்சினையோ வண்டியிலேற்றி எந்தக் கரைக்கும் கொண்டுபோகலாம். கணினியோடு சேர்ந்து வந்த ஓ.இ.எம். உரிமம் முதல் வகை. தனியே விலைகொடுத்து வாங்கிய ரீடெய்ல் உரிமம் இரண்டாவது வகை; ஒரு நேரத்தில் ஒரே கணினியில் என்ற நிபந்தனையோடு இடம் மாறும்.

இதில் வியக்கவைப்பது ஓ.இ.எம். சாவி ஒளிந்திருக்கும் இடம். விண்டோஸ் 7 வரை 25 எழுத்துச் சாவி ஸ்டிக்கராகக் கணினியின் மேலேயே ஒட்டியிருக்கும். தேய்ந்தால் படிக்க முடியாது. 2012-இல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து தயாரிப்பாளர்கள் அதை மதர்போர்டின் பயாஸ் சிப்பிலேயே எழுதிவிடுகிறார்கள். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிப் புது எஸ்.எஸ்.டி. போட்டாலும், அதே பதிப்பை நிறுவும்போது விண்டோஸ் அந்தச் சிப்பைப் படித்துச் சாவியைத் தானே எடுத்துக்கொள்கிறது. டிஸ்க் மாறினால் உரிமம் பிழைக்கும். போர்டு மாறினால் போய்விடும். பழுதான போர்டுக்குத் தயாரிப்பாளரே மாற்றித் தரும்போது மட்டும் விலக்கு உண்டு.

ஓ.இ.எம். விலை குறைவுதானே, கட்டுப்பாடும் இருக்கட்டுமே என்பார்கள். வாங்குபவருக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தால் அது நியாயம்தான்; பில்லில் வெறுமனே 'விண்டோஸ்' என்று எழுதிக் கொடுப்பது நியாயமல்ல. கட்டுப்பாடு ஒன்றும் மாற்ற முடியாத விதியுமல்ல: முறையாக விற்கப்பட்ட மென்பொருள் உரிமத்தை வாங்கியவர் மறுபடி விற்கலாம் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2012-இல் தீர்ப்பளித்தது. கிராக் போட்டால் போதுமே என்ற வாதத்தை ஏற்கவே முடியாது. அதற்காக ஆன்டிவைரஸை அணைத்துவைத்த கணினியில்தான் ஊராரின் ஆதாரும் சிட்டாவும் திறக்கப்படுகின்றன. விண்டோஸ் கட்டாயமில்லாதவர்களுக்கு லினக்ஸ் இருக்கிறது. எத்தனை கணினி மாற்றினாலும் அதில் இந்தக் கேள்வியே எழாது. மத்திய அரசு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் நம் நாட்டிலேயே பிறந்தது.

பழைய கணினியைக் கொடுக்கும் முன் ரன் பெட்டியில் எஸ்.எல்.எம்.ஜி.ஆர்., ஓர் இடைவெளி, சாய்கோடு, டி.எல்.ஐ. என்று ஆங்கிலத்தில் தட்டிப் பாருங்கள். ரீடெய்ல் என்று காட்டினால், அதிலிருந்து சாவியை நீக்கிவிட்டுப் புதியதில் போடுங்கள். புதிது வாங்கும்போது உரிமத்தின் வகையைப் பில்லில் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.