எஸ்பிரசோ மெஷின் மக்கர் செய்தால்

"மெஷின் போச்சுங்க" என்று யார் தூக்கி வந்தாலும், வீட்டில் என்ன தண்ணீர், என்ன தூள் என்றுதான் முதலில் கேட்பேன். மோட்டாரை அப்புறம் பார்க்கலாம்.

சிக்கரி கலந்த ஃபில்டர் காபித் தூளைப் போடுகிறவர்கள் நம் ஊரில் நிறைய. சிக்கரி வெந்நீர் பட்டதும் பிசுபிசுத்துச் சல்லடையை அடைத்துவிடும். கலப்பில்லாத தூளே வேண்டும். 18 கிராம் தூளுக்கு 36 கிராம் காபி, 25 முதல் 30 விநாடியில் இறங்கினால் சரி. பத்தே விநாடியில் கொட்டினால் அரைத்தது பருமன். சொட்டிக்கொண்டே இருந்தால் ரொம்ப நைஸ்.

போர்வெல் தண்ணீர் என்றால் கொதிகலனில் உப்பு படியும், ஓட்டம் மெலியும். அந்த உப்பைக் கரைக்கக் கையேட்டில் சொன்ன டீஸ்கேலரையே வாங்குங்கள். வினிகர் எனக்குப் பிடிக்காது, அந்த வாடை லேசில் போகாது.

கைப்பிடி ஓரத்தில் கசிகிறதா? பெரும்பாலும் கேஸ்கெட்தான். சூட்டில் வெந்த ரப்பர், நெம்பினால் பிளாஸ்டிக் போலத் துண்டு துண்டாக உடைந்து வரும். புதிது மாட்டும்போதே மேலேயுள்ள ஷவர் ஸ்கிரீனையும் கழற்றித் தேயுங்கள். அதன் பின்பக்கக் கறுப்புப் பிசுக்கைப் பார்த்தால் காபி ஏன் கசந்தது என்று கேட்க மாட்டீர்கள்.

தண்ணீரைப் பின்னோக்கித் தள்ளிக் கழுவும் பேக்ஃபிளஷ் எல்லா மெஷினுக்கும் ஆகாது. காபி இறங்கியதும் வடிதட்டில் 'புஸ்'ஸென்று தண்ணீர் பீய்ச்சினால் மூன்றுவழி வால்வு இருக்கிறது, செய்யலாம். இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

பால் நுரைத்த கையோடு நீராவிக் குழாயை ஈரத்துணியால் துடைத்து, ஒருமுறை ஆவியைத் திறந்துவிடுங்கள்.