உங்களுக்குத் தெரியுமா? கொள்ளுத்தாத்தாவின் தழும்பும் பதிவேட்டில் இருக்கிறது!

கரும்புத் தோட்ட வேலைக்காகச் சென்னையில் கப்பலேறி தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போன குடியானவரின் காலில் ஒரு தழும்பு இருந்ததா? புகைப்படம்கூட இல்லாத அந்த மனிதரின் உடலடையாளத்தை அவருடைய வாரிசுகள் இன்றும் கப்பல் பதிவேட்டில் படிக்கலாம்.

• முதல் கப்பல் 'துரூரோ' 342 பேருடன் நேட்டாலின் டர்பன் துறைமுகம் சேர்ந்தது 1860 நவம்பர் 16-இல். 1911 வரை போனவர்கள் 1,52,184 பேர்.

• ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. அதற்கு நேராகப் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், அங்க அடையாளம் என்று வரிசையாக எழுதியிருப்பார்கள்.

• தேடலுக்குச் சாவி அந்த எண்தான். பிள்ளைகளின் பிறப்பு, திருமணச் சான்றிதழ்களிலும் அது தொடர்ந்து வரும். ஆகவே பாட்டியின் டிரங்குப் பெட்டியில் கிடக்கும் மக்கிய தாளைத் தயவுசெய்து எறிந்துவிடாதீர்கள்.

• ஊர்ப் பெயர்தான் பெரிய சிக்கல். காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியதால் பல ஊர்கள் உருமாறிவிட்டன. எழுத்தைப் பார்ப்பதைவிட வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். தாலுகா தெரிந்தால் ஊர் பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.

• கரும்புத் தோட்ட வேலைக்கான 5 ஆண்டு ஒப்பந்தம் முடிந்ததும் பலர் டர்பனைச் சுற்றி நிலம் குத்தகைக்கு எடுத்து மக்காச்சோளமும் காய்கறியும் பயிரிட்டார்கள்.