குன்னூர் ஆறு ஏன் சிவக்கிறது?

ஐப்பசி மழையில் குன்னூர் ஆறு செம்மண் குழம்பாக இறங்கும். கோடையில் கங்கோத்திரியில் பாகீரதியோ சாம்பல் நிறம். அங்கே பனியாறு பாறையை மாவாக அரைக்கிறது; பாறை நொறுங்குகிறதே தவிர, அதன் வேதியியல் பெரிதாக மாறுவதில்லை.

நீலகிரியில் பனியாறு ஏது? இங்கே வேலை செய்வது மழை. கார்பன் டை ஆக்சைடு கரைந்த மழைநீர் லேசான அமிலம். சார்னோக்கைட் பாறையிலிருந்த கால்சியத்தையும் சோடியத்தையும் சிலிக்காவில் பெரும்பகுதியையும் அது நெடுங்காலமாகக் கரைத்துக் கடத்திவிட்டது. மிஞ்சியவை அலுமினியமும் இரும்பும். துருவேறிய அந்த இரும்புதான் சிவப்பு. கால்சியம் குறைந்ததால் ஓடைநீரில் சோப்பு நன்றாக நுரைக்கும், மண்ணும் அமிலமானது. தேயிலைக்கு அதுதான் பிடிக்கும்!

ஆனால் சோலையும் புல்வெளியும் மூடிய சரிவில் மழையிலும் ஓடை அவ்வளவாகக் கலங்காது. கேரட்டுக்கும் உருளைக்கிழங்குக்கும் கொத்திய சரிவுகளிலிருந்துதான் சேறு அதிகம். அது மேட்டுப்பாளையம் பக்கம் பவானியில் கலந்து, பவானிசாகர் அணையில் படிகிறது.