நிலத்தடியில் நகரும் நஞ்சும் கணினி தேடும் கிணறும்

செஞ்சிக் கோட்டையைக் கண்டிருக்கிறீர்களா, வாசகர்களே? திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில், மூன்று குன்றுகளை இணைத்து நிற்கும் அதன் மதில்கள் தொலைவிலேயே கண்ணில் படும். ராஜகிரியின் அடிவாரத்தில் கல்யாண மகால் என்னும் பல அடுக்கு மாளிகை உள்ளது. காண வருவோர் அடுக்குகளை எண்ணிவிட்டுப் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுகின்றனர். அம்மாளிகையின் மேலடுக்குகளுக்குத் தண்ணீர் எவ்வாறு சென்றது என்று கேட்போர் சிலரே. மதிலுக்கு வெளியே ஏறத்தாழ ஐந்நூறு கஜ தூரத்தில் இருந்த நீர்த்தேக்கத்திலிருந்து, சுடுமண் குழாய்களின் வழியே ஆறாம் அடுக்கு வரை நீர் கொண்டுவரப்பட்டது. மின்சாரமும் மோட்டாரும் இல்லாத காலம் அது. 1690 முதல் 1698 வரை சுல்பிகார் கானின் தலைமையில் முகலாயப் படை முற்றுகையிட்டபோது, ராஜாராமின் மராத்தியர் அத்தனை ஆண்டுகள் தாக்குப்பிடித்ததற்கு மதில்கள் மட்டுமே காரணமல்ல. கோட்டையின் குளங்களும் சுனைகளும் காரணமாகும்.

நீரை எங்கே தேக்குவது, எங்கே எடுப்பது? கட்டியவர்களின் முன் நின்ற இக்கேள்வி இன்று வேறு உருவில் நம்முன் நிற்கிறது. அதைக் காண, செஞ்சியிலிருந்து சேத்துப்பட்டு, ஆரணி, ஆற்காடு வழியாக வடக்கே செல்லவேண்டும்.

1714-இல் தேசிங்கு ராஜாவைப் போரில் வென்றவர் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான். அவர் பெயரால் செஞ்சிக் கோட்டைக்குள் எழுந்த பள்ளிவாசல் இன்றும் நிற்கிறது. தேசிங்குடன் உடன்கட்டை ஏறிய ராணியின் நினைவாக அதே நவாப் பாலாற்றங்கரையில் ஓர் ஊரை எழுப்பினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அவ்வூரே ராணிப்பேட்டை.

அந்த ராணிப்பேட்டையில் தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் என்ற தொழிற்சாலை ஏறத்தாழ இருபதாண்டுகள் இயங்கி, 1990-களின் நடுவில் மூடப்பட்டது. தொழிற்சாலை போயிற்று, கழிவு போகவில்லை. ஒரு லட்சம் டன்னுக்கும் அதிகமான குரோமியக் கழிவு திறந்த வெளியில் மலையெனக் கிடந்தது. ஒவ்வொரு மழையிலும் அது கரைந்து நிலத்துக்குள் இறங்கியது. ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் நீரில் எளிதில் கரையும். நீரோடு சேர்ந்து நகரும். புற்றுநோய் விளைவிக்கும் பொருட்களின் பட்டியலில் முதல் வரிசையில் உள்ளது. குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டலாகாது என்பது இந்தியத் தர நிர்ணயம்.

இவ்விடத்தில் நம்மவர் தொழிலைப் பற்றியும் சொல்லாமல் போவது நேர்மையாகாது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம் என்று பாலாற்றுப் படுகையில் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்டது தோல் பதனிடும் தொழில். நம் சமுதாயத்தின் பள்ளிகளும் கல்லூரிகளும் அவ்வருவாயில் எழுந்தன. அதே தொழிலின் கழிவுநீர் அதே மக்களின் கிணறுகளை உவர்ப்பாக்கியது. 1996 ஆகஸ்ட் 28-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் அளித்த தீர்ப்பில், ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பகுதியாகவோ பயிருக்கு ஆகாமல் போனதாகக் கூறும் ஆய்வு எடுத்துக்காட்டப்பட்டது. திண்டுக்கல் பகுதியின் 13 கிராமங்களில் 467 கிணறுகளில் 350 கெட்டுவிட்டன என்ற கணக்கும் அதில் உண்டு. மாசுபடுத்தியவரே ஈடு செய்யவேண்டும் என்ற நெறி இந்தியச் சட்டத்தின் பகுதியே என்று அத்தீர்ப்பு உறுதிப்படுத்தியது. 2025 ஜனவரியிலும் பாலாற்று இழப்பீட்டைப் பற்றி உச்ச நீதிமன்றம் உத்தரவிட நேர்ந்தது என்றால், காயம் எவ்வளவு ஆழமானது என்பதை நீங்களே ஊகிக்கலாம்.

சரி, கெட்ட நிலத்தடி நீரைத் துப்புரவாக்க வழியே இல்லையா? உண்டு. பழுதான நீரை ஆழ்துளைக் கிணறுகளால் இறைத்து, நஞ்சைப் பிரித்தெடுத்து, மீண்டும் விடுவது ஒரு வழி. குரோமியமாயின் இரும்புச் சல்பேட்டு போன்ற பொருளைச் சேர்த்தால் தீங்கு குறைந்த நிலைக்கு மாறி வண்டலாகப் படியும். சொல்வதற்கு எளிது. கிணறுகளை எங்கே தோண்டுவது? எத்தனை தோண்டுவது? நாளொன்றுக்கு எவ்வளவு இறைப்பது? குறைவாக இறைத்தால் நஞ்சு நழுவி அடுத்த ஊருக்குப் போகும். மிகுதியாக இறைத்தால் பக்கத்து உழவரின் கிணறு வற்றும், மின்கட்டணம் ஏறும்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். கிணறு தோண்டத் தக்க இடங்கள் 30. அவற்றுள் ஐந்தை மட்டும் தேர்ந்தெடுக்கவேண்டும். 1,42,506 வகைகளில் தேர்ந்தெடுக்கலாம். ஒவ்வொரு கிணற்றுக்கும் இறைக்கும் அளவில் பத்துப் படிகள் என்றால் திட்டங்களின் எண்ணிக்கை 1,425 கோடியைத் தாண்டும். ஒரு திட்டத்தால் நஞ்சு எப்படி நகரும் என்று கணித்துச் சொல்லக் கணினிக்கு ஒரு நிமிடம் ஆகிறதென்று கொண்டால், அனைத்தையும் சோதிக்க 27,000 ஆண்டுகள் ஆகும்!

இங்குதான் பரிணாமக் கணிப்பு முறை துணைக்கு வருகிறது. பெயரைக் கேட்டு முகம் சுளிக்கவேண்டாம். உயிர்களின் தோற்றத்தைப் பற்றிய விவாதத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. நல்ல கதிரை விதைக்கு ஒதுக்கும் உழவரும், நல்ல கிடாவைத் தேர்ந்து வளர்க்கும் ஆட்டுக்காரரும் செய்வதைத்தான் இது எண்களைக்கொண்டு செய்கிறது. முதலில் மனம்போன போக்கில் நூறு திட்டங்களைக் கணினி எழுதிக்கொள்கிறது. ஒவ்வொன்றும் கிணற்றின் இடமும் இறைப்பளவும் அடங்கிய ஓர் எண் சரம். ஒவ்வொன்றையும் சோதித்து மதிப்பெண் இடுகிறது. தேறியவற்றை இரண்டிரண்டாகச் சேர்த்து, ஒன்றின் பாதியையும் மற்றதன் பாதியையும் இணைத்துப் புதுத் திட்டங்களைப் பிறப்பிக்கிறது. எப்போதேனும் ஓர் எண்ணைக் காரணமின்றி மாற்றியும் வைக்கிறது. இல்லாவிடில் எல்லாம் ஒரே அச்சாகித் தேடல் நின்றுபோகும். இவ்வாறு நூறு தலைமுறைகள் நடந்தால் சோதனைகள் பத்தாயிரம். மேற்சொன்ன கணக்கின்படி ஏழே நாள்! கிடைப்பது ஆகச் சிறந்த விடைதான் என்ற உத்தரவாதம் கிடையாது. பெரும்பாலும் மிக நல்ல விடையாக இருக்கும்.

இம்முறைக்கு உருவம் தந்தவர்களுள் முதன்மையானவர் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஜான் ஹாலந்து. அவரது நூல் 1975-இல் வந்தது. நிலத்தடி நீருக்கு இதைப் பயன்படுத்திய ஆய்வுகள் 1994-இல் அமெரிக்காவில் வெளியாயின. நம் நாட்டவரின் பங்கும் சிறிதன்று. கான்பூர் ஐ.ஐ.டி.யில் பணியாற்றிய கல்யாண்மோய் தேப், தம் மாணவர்களுடன் 2002-இல் வெளியிட்ட முறை உலகெங்கும் கையாளப்படுகிறது. அதன் சிறப்பு யாதெனில், ஒரே விடையைத் திணிப்பதில்லை. செலவு குறைந்தால் துப்புரவுக்கு எத்தனை ஆண்டு கூடும், விரைவு வேண்டுமாயின் எவ்வளவு கூடும் என்று பல நல்ல விடைகளை வரிசையாக வைக்கிறது. தேர்வு மனிதர் கையில். பொறியாளர் மட்டுமன்றி ஊராரும் உட்கார்ந்து பேசித் தீர்மானிக்க இது இடந்தருகிறது என்பதால், மற்றச் சிறப்புகளைக் காட்டிலும் இதையே நான் பெரிதாகக் கருதுகிறேன்.

இன்னொரு பயனும் உண்டு. கிணறுகளில் அளந்த மாசைக்கொண்டு, அது எங்கிருந்து, எக்காலத்தில், எவ்வளவு கசிந்தது என்று பின்னோக்கித் தேடுவதற்கும் இதே முறை உதவும். கான்பூரில் பிதின் தத்தாவும் அவருடன் இருந்தவர்களும் இத்திசையில் ஆய்ந்து 2006-இல் வெளியிட்டனர். மாசுபடுத்தியவர் ஈடு செய்யட்டும் என்று சட்டம் சொல்லும்போது, யார் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லும் கருவி எத்துணை தேவை! தவறு செய்தவன் தப்பக்கூடாது; செய்யாத தோல் ஷாப்புக்காரர் தண்டம் கட்டவும் கூடாதல்லவா?

ஆயினும் கணினியை அளவுக்கு மீறி நம்பிவிடலாகாது. நிலத்தடியின் வரைபடம் தவறானால், அதன்மேல் நடக்கும் தேடல் தவறான கிணற்றையே மிகச் சிறந்ததென்று காட்டும். பாலாற்று மணற்படுகையில் நீர் பரவி ஓடும். செஞ்சி போன்ற பாறை நிலத்தில் வெடிப்புகளின் வழியே வளைந்து நெளிந்து ஓடும். பத்தடி தள்ளித் தோண்டினால் ஒன்றில் ஊற்று, மற்றதில் புழுதி என்பது அங்குள்ளோர் அறிந்ததே. பாலாற்று மேற்படுகையில் மாசு நகர்வதை ஐதராபாத்தின் தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனத்தார் 1990-களிலேயே மாதிரி அமைத்துக் கணித்தனர். அத்தகைய மாதிரிக்கு வேண்டிய உணவு, ஊர் ஊராக எடுக்கப்படும் அளவுகளே. உங்கள் கிணற்றின் ஆழம், பங்குனியிலும் கார்த்திகையிலும் அதன் நீர்மட்டம், தண்ணீர்ப் பரிசோதனையில் வந்த எண்கள் ஆகியவற்றைத் தேதியிட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஆய்வாளர் ஒருவர் உங்கள் வாசலுக்கு வரும் நாளில் அவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.