வீட்டுக்கு ஒரு வான்

வீட்டைக் கட்டிப்பார், கல்யாணத்தைச் செய்துபார் என்று சொல்லிவைத்த நம் முன்னோர் இக்காலத்தில் இருந்திருப்பாராயின், வானை வாங்கிப்பார் என்பதையும் மூன்றாவதாகச் சேர்த்திருப்பர் என்பதில் ஐயமில்லை. வீடு கட்டுவதும் கல்யாணம் செய்வதும் ஒருமுறையோடு முடிந்துவிடும் காரியங்கள். வானோ நாள்தோறும் செலவு கேட்பது. நாள்தோறும் பயன் தருவது. அதனினும் மேலாக, நாள்தோறும் உறவினரை வாயிலுக்கு அழைத்து வருவது. காரை வாங்கியவர் ஒரு வாகனத்துக்குச் சொந்தக்காரர் ஆகிறார். வானை வாங்கியவரோ ஒரு சுற்றத்துக்கே சாரதியாகிறார்.

குடும்பம் முழுவதையும் ஒரே கூரையின்கீழ் ஏற்றிச் செல்லவேண்டும் என்ற எண்ணம் புதியதன்று. ஜெர்மனியின் வொக்ஸ்வாகன் நிறுவனம் 1950ஆம் ஆண்டிலேயே பெட்டி வடிவான வான் ஒன்றைச் செய்து வெளியிட்டது. 1956இல் இத்தாலியின் பியற் நிறுவனம், மிகச் சிறிய காரொன்றின் அடித்தளத்தின்மீது மூன்று வரிசைகளில் அறுவர் இருக்கத்தக்க மல்ரிப்பிளா என்னும் வண்டியை அமைத்தது. 1983ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் கிறைஸ்லர் நிறுவனம் கனடாவின் வின்சர் நகரிலுள்ள தன் தொழிற்சாலையில் குடும்பத்துக்கான சிறிய வான்களைச் செய்யத் தொடங்கியபின், 'மினிவான்' என்ற பெயர் உலகெங்கும் பரவலாயிற்று.

நமக்குப் பழக்கமான வான்களோ பெரும்பாலும் ஜப்பானிலே பிறந்தவை. ரொயோட்டா நிறுவனத்தின் ஹைஏஸ் 1967இலும், லைட்ஏஸ் 1970இலும், ரவுண்ஏஸ் 1976இலும் வெளிவந்தன. இவற்றுள் உருண்ட முகத்தோடு கூடிய ஒருவகை ஹைஏசுக்கு 'டொல்பின்' என்று நம் நாட்டவரே செல்லப்பெயர் சூட்டிவிட்டனர். வாகனப் பதிவிலே, ஆட்களையும் பொருள்களையும் ஏற்றும் இருதேவைக்கும் உரிய வாகனம் என்ற வகையுள் வான் அடங்கும். நம் குடும்பங்கள் அதனைப் பயன்படுத்தும் முறையை நோக்கினால், அவ்வகை மிகப் பொருத்தமானதென்றே தோன்றும். ஒரே பயணத்தில் மணப்பெண்ணும், மாவுப்பெட்டியும், வாழைக்குலையும் வந்து இறங்குவதை நாம் கண்டதில்லையா?

பழைய வான்களின் அமைப்பை அறிந்தால் அவற்றின் குணமும் குறையும் ஒருங்கே விளங்கும். முன்புறத்தே எஞ்சினுக்கென்று தனிமூக்கு ஒன்றை வையாது, முன்னாசனங்களின் கீழேயே அதனை அடக்கிவிட்டனர். அதனால் வண்டியின் நீளம் காரளவிலே நிற்க, உள்ளிடமோ ஒரு சிற்றறையளவு விரிந்தது. ஆனால், அந்த இடத்துக்கு விலையும் உண்டு. வெயிற்காலத்தில் நெடுந்தூரம் ஓடினால் முன்னாசனத்தார் அடுப்பின்மேல் அமர்ந்தவர்போல் ஆவர். எண்ணெய் அளவைப் பார்க்கவேண்டுமாயின் ஆசனத்தையே தூக்கவேண்டும். சோம்பல் மிகுந்தவர் அந்தச் சிரமத்துக்கு அஞ்சியே எண்ணெய் பாராது விட்டுவிடுவர். வெப்பமானியின் முள் ஏறுவதைக் கண்டும் நிறுத்தாது ஓட்டுபவரின் கைப்பணத்தைச் சிலிண்டர் ஹெட் விழுங்கிவிடும். முன்னே மூக்கில்லாமையால், மோதல் நேருமிடத்து முன்னிருப்போரின் கால்களுக்குக் காப்பும் குறைவு. பின் வந்த வான்களிலே எஞ்சினை முன்னே தள்ளிச் சிறுமூக்கு வைத்தமைக்கு இதுவும் ஒரு காரணமாகும்.

வானோடு பல ஆண்டு வாழ்ந்தவர்களைக் கேட்டால், விளம்பரங்களிலே காணாத நுணுக்கங்கள் பலவற்றைச் சொல்வார்கள். ஆச்சிமாருக்கு வானின் படி உயரம். ஆதலால் ஆசனத்தின் கீழ் ஒரு சிறு பலகைக்கட்டை எப்பொழுதும் இருக்கவேண்டும். கடைசி ஆசனம் பின்சில்லுக்கு அப்பால் அமைந்திருப்பதால் அங்கே குலுக்கம் அதிகம். தலைசுற்றும் சத்தியும் வரும் பிள்ளைகளை அங்கே இருத்தலாகாது. அவர்களை நடுவரிசையில் வெளியே பார்க்கும்படி இருத்தி, கையில் ஒரு தேசிக்காயைக் கொடுத்துவிட்டால் பயணம் பெரும்பாலும் அமைதியாக முடியும். நகர்கதவின் தண்டவாளத்தில் மணல் சேரவிட்டால், கதவு திறப்பது ஒரு மல்யுத்தமாகிவிடும். பின்கண்ணாடிக்குக் கீழே நிற்கும் சிறு குழந்தை சாரதியின் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே பின்னே எடுக்குமுன் ஒருவர் இறங்கிப் பார்த்தே தீரவேண்டும். இத்தகைய சிறு விதிகளைக் கைக்கொண்ட வீடுகளில் வான் பல்லாண்டு உழைக்கின்றது.

வானின் அருமையை நம்மவர் முற்றாக உணர்ந்தது 2022ஆம் ஆண்டின் எரிபொருட் பஞ்சத்திலேயாகும். கியூஆர் அட்டை முறை தொடங்கிய காலத்தில் ஒரு வானுக்குக் கிழமைக்கு 20 லீற்றரே அனுமதிக்கப்பட்டது. லீற்றருக்குப் பத்துக் கிலோமீற்றர் ஓடும் வானாயின், 200 கிலோமீற்றரோடு அந்தப் பங்கு தீர்ந்துவிடும். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குச் சுமார் 400 கிலோமீற்றர். அதாவது ஒரு கிழமைப் பங்கு பாதி வழிக்கே போதும். அந்நாட்களில் எத்தனையோ குடும்பங்கள் கோயில் பயணத்தையும் கொண்டாட்டத்தையும் ஒதுக்கிவைத்து, தாங்கியில் ஐந்து லீற்றரை மட்டும் தொடாது காத்தன. அயலிலே ஒருவருக்கு நள்ளிரவில் நெஞ்சுநோ வந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டுமே என்பதுதான் அவர்களது எண்ணம். ஒழுங்கையில் ஒரு வான் நிற்கின்றது என்ற நம்பிக்கையே அவ்வொழுங்கைக்கு ஒரு மருந்தாக இருந்தது.

பொருளளவிலும் வான் விந்தையான சொத்தாகிவிட்டது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் பாவனைக்கான வாகனங்கள் மீண்டும் அனுமதிக்கப்பட்டது 2025 பெப்ரவரியிலேதான். இடைப்பட்ட காலத்தில் பழைய வான்களின் விலை ஏறியது. ஆனால், விலை ஏறுகிறது என்று மகிழ்பவர், வருடந்தோறும் கட்டவேண்டிய அனுமதிப்பத்திரப் பணம், காப்புறுதி, புகைப் பரிசோதனை, ரயர், கராஜ் ஆகிய செலவுகளையும் அதே கொப்பியில் எழுதிப் பார்த்தல் நன்று.

இனி, சொந்தக்காரர் எல்லோரும் கடினம் என்று சொல்லும் ஒன்றுண்டு. அது ஓட்டுவதன்று, "இடமில்லை" என்று சொல்வதேயாகும். நல்லூர்த் தேருக்குப் புறப்படும் காலையில், "தம்பி, வானிலே ஓர் இடம் இருக்குமோ?" என்று பெரியம்மா கேட்கின்றார். இருக்கின்றது. பின்னர் மாமியும் பிள்ளைகளும் வருகின்றனர். "பிள்ளைகள் தானே, மடியில் வைத்துக்கொள்வோம்" என்கின்றார் மாமி. எட்டுப்பேருக்கென்று செய்யப்பட்ட வண்டியிலே பதினான்குபேர் ஏறிவிடுகின்றனர். மறுத்தால் மனிதத்தன்மை அற்றவன் என்ற பெயர். மறுக்காவிட்டாலோ வருவது வேறு.

மாணவர்கள் இதனைப் பௌதிகக் கணக்காகவே செய்து பார்க்கலாம். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் வான் ஒன்றில் மோதி நின்றால், உள்ளே கட்டுண்டிராத பிள்ளை அதே வேகத்தோடு முன்னே செல்லும். அவ்வேகம், 14 மீற்றர் உயரத்திலிருந்து விழும் ஒருவர் நிலத்தைத் தொடும்போது அடையும் வேகத்துக்குச் சமமானது. நான்கு மாடிக் கட்டிடத்தின் உச்சியில் பிள்ளையைக் கைப்பிடிச் சுவரின்றி நிற்கவிடுவோமா? தாயின் மடி அன்பின் இருப்பிடமே. ஆயினும் அந்தக் கணத்தில் எந்தத் தாயின் கையும் அப்பிள்ளையைப் பிடித்து வைக்கமாட்டாது. பாரம் கூடக்கூட வண்டி நிற்கும் தூரமும் கூடும். வளைவிலே அதன் உயரமே அதற்குப் பகையாகும். முன்னாசனத்தாருக்கு இருக்கைப்பட்டி 2011ஆம் ஆண்டிலேயே கட்டாயமாக்கப்பட்டது. சட்டத்துக்கு அஞ்சி முன்னே பட்டி கட்டிக்கொண்டு, பின்வரிசையில் பிள்ளைகளை நிற்கவைத்து ஓட்டுவது என்ன நீதி?

ஆகையால், வான் வாங்க எண்ணும் குடும்பத்தினர் முதலில் ஒரு தீர்மானத்துக்கு வரவேண்டும். எத்தனை ஆசனமோ அத்தனை பேர். எத்தனை பேரோ அத்தனை பட்டி. மேலதிகமானோருக்கு இரண்டாவது நடை ஓடலாம். அல்லது பஸ்ஸுக்குப் பணம் கொடுத்து அனுப்பலாம். இதனை வானை வாங்கிய முதல் நாளிலேயே, கோபமின்றிச் சிரித்த முகத்தோடு எல்லோருக்கும் அறிவித்துவிட்டால் பின்னர் மனத்தாங்கல் இல்லை. ஒருமுறை தளர்ந்துவிட்டாலோ, பின்னர் மறுப்பது அரிது.

மூன்று வரிசையும் என்றென்றும் நிறைந்திருப்பதில்லை. பிள்ளைகள் படிப்புக்கும் உத்தியோகத்துக்குமாகக் கடல்கடந்து சென்றபின், பெரிய வான் ஒன்றிலே கணவனும் மனைவியுமாக இருவர் மட்டும் சந்தைக்குப் போய்வரும் காட்சி நம் ஊர்களில் அரிதன்று. விற்றுவிட்டுச் சிறு காரொன்று வாங்கலாமே என்று கேட்டால், "ஆடித் திருவிழாவுக்குப் பிள்ளைகள் வந்தால் எல்லோரும் ஒன்றாய்ப் போக வேண்டாமா?" என்பதே அவர்களின் விடை. அந்த ஒரு பயணத்துக்காகவே ஆண்டு முழுவதும் எண்ணெய் பார்த்து, நீர் வார்த்து, ரயருக்குக் காற்றடித்து வைக்கின்றனர். அவ்வாறு காத்திருந்து செல்லும் பயணத்தில், ஏறிய அத்தனை பேரும் குறைவின்றி வீடு திரும்பவேண்டும்; வான் வைத்திருப்பதன் பயனெல்லாம் அதில் அடங்கியதே.