உங்களுக்குத் தெரியுமா? உப்புக்காற்றும் சைலன்சரும்

இலங்கையின் மாம்புரிக்கு ஒருபுறம் கடல், மறுபுறம் புத்தளம் களப்பு. காற்றாலைகளைச் சுழற்றும் காற்றே உப்பையும் சுமந்து வருகிறது. பழைய கார் வைத்திருப்போர் புகைக்குழாய் வாங்குமுன் அறிய வேண்டியவை:

■ சைலன்சர் உள்ளிருந்தும் துருப்பிடிக்கும். ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லீற்றர் நீர் ஆவியாக வெளியேறும். சந்தை வரை மட்டும் ஓடும் காரில் குழாய் போதிய அளவு சூடேறாது. நீர் உள்ளேயே தங்கிவிடும்.

■ சாதாரண இரும்புக் குழாய் மலிவு. ஆனால் கரையோரத்தில் ஆயுள் குறைவு. அலுமினியம் பூசியது அதைவிட மேல். 409 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் குரோமியம் சுமார் 11 சதவீதம். மேற்பரப்பில் துரு படியும். 304 ரகத்தில் 18 சதவீதக் குரோமியமும் 8 சதவீத நிக்கலும் உண்டு. உப்பை இன்னும் நன்றாகத் தாங்கும்.

■ 1964இல் வந்த ஃபோர்ட் மஸ்டாங் போன்ற வி-8 எஞ்சின் கார்களில் இரட்டைக் குழாய் பூட்டினால், இரண்டையும் எச் அல்லது எக்ஸ் வடிவில் இணைப்பார்கள். இருபக்க அழுத்தமும் சமப்படும்; உறுமலின் தன்மையும் மாறும்.

■ குழாய் அகன்றால் வலு கூடும் என்பது பாதி உண்மையே. அளவு மீறினால் புகையின் வேகம் குறைந்து, தாழ்ந்த வேகத்தில் இழுவை தளரும்.

■ இலங்கையில் வருடாந்த வாகன அனுமதிப்பத்திரம் பெறப் புகைப் பரிசோதனை அவசியம். குழாயில் ஓட்டையிருந்தால் வெளிக்காற்று கலந்து அளவீடு பிழைக்கும்.

மூட்டுகளையும் தாங்கிப் பட்டிகளையும் அடிக்கடி நல்ல தண்ணீரால் கழுவுங்கள்; துரு முதலில் பிடிப்பது அங்கேதான்.